கூடிப் பின்னுவோம்: யாருக்கோ உதவும் ஒரு பின்னல் குழுவைத் தொடங்குவது எப்படி

தனியாக உட்கார்ந்து பின்னினாலே மனது கொஞ்சம் அடங்கும், ஊசியும் நூலும் கையில் எடுத்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு குழந்தைக்கோ சிகிச்சையில் முடி கொட்டிப்போன ஒருவருக்கோ குல்லா பின்னும்போது கிடைக்கிற ஆறுதல் வேறு. 31 நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களிடம் கேட்டு 2013இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாகச் சொன்னதையும், குழுவாகச் சேர்ந்து பின்னுவது அந்த மகிழ்ச்சியைக் கூட்டி மனிதத் தொடர்பையும் வளர்ப்பதையும் பதிவு செய்தது. அவரவர் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதுதான், மருந்துச் சோதனை மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் இப்படி ஒரு குழுவில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் அதை மறுக்கமாட்டார்.

அந்த ஆறுதல் தானாக வந்துவிடாது, குழுவை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. நல்ல மனதோடு தொடங்கி, "இந்த மாதம் இத்தனை முடிக்க வேண்டும்" என்ற கணக்குக்குள் சிக்கி, வருவதே பாரமாகிக் கலைந்துபோகும் குழுக்கள் உண்டு. அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பின்னவே தெரியாதவரும் தொடங்கலாம்.

முதலில் கேளுங்கள், அப்புறம் நூல் வாங்குங்கள்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். ஆர்வத்தில் நூலை வாங்கி, கைக்கு வந்ததைப் பின்னி, மூட்டை கட்டிய பிறகு "இதை யாருக்குக் கொடுப்பது?" என்று தேடுகிறோம். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் எண்ணெய்க் கசிவில் மாட்டிய சிறிய வகைப் பென்குயின்களுக்கு, இறகை அலகால் கோதி எண்ணெயை விழுங்கிவிடாமல் இருக்க, சின்னச் சின்ன ஸ்வெட்டர் போட்டுவிடும் வழக்கம் உண்டு. உலகம் முழுவதிலுமிருந்து ஸ்வெட்டர்கள் வந்து குவிந்ததில் "போதும், இனி அனுப்பாதீர்கள்" என்று அங்கே பென்குயின்களைப் பராமரிப்பவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. பின்னியவர்களின் அன்பில் குறையில்லை, ஆனால் அத்தனை உழைப்பும் தேவை இருந்த வேறோர் இடத்துக்குப் போயிருக்கலாம்.

அதனால் ஒரு மருத்துவமனை, ஒரு முதியோர் இல்லம், வீடில்லாதவர்களுக்கான ஒரு காப்பகம் என்று ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே போய்ப் பேசுங்கள். என்ன வேண்டும், எந்த அளவில், எந்த வகை நூலில், எப்படித் துவைப்பார்கள், எத்தனை இருந்தால் போதும், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எப்படித் துவைப்பார்கள் என்ற கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொதிக்கும் வெந்நீரில் துவைக்கிற இடத்துக்கு அசல் கம்பளி நூலில் பின்னிக் கொடுத்தால் அது சுருங்கிக் கெட்டியாகி, பெரியவர் குல்லா பொம்மைக் குல்லாவாகத் திரும்பி வரும். "எங்களுக்கு எதுவும் வேண்டாம்" என்று சொன்னாலும் வருத்தப்படாதீர்கள், அதுவும் நல்ல பதில்தான். அடுத்த இடத்துக்குப் போகலாம்.

எதைப் பின்னுவது

புதிய குழுவுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சதுரத் துண்டு. எல்லோரும் ஒரே அளவில் துண்டுகள் பின்னி, பிறகு கோர்த்துத் தைத்தால் போர்வை. தென்னாப்பிரிக்காவில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக நடக்கும் நிட் எ ஸ்கொயர் இயக்கம் கேட்பது 20 செ.மீ. சதுரங்களைத்தான். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வார்ம் அப் அமெரிக்கா, 7 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்ற துண்டுகளில் 49ஐச் சேர்த்து ஒரு போர்வை என்று வைத்துக்கொண்டது. இந்த முறை இத்தனை நாள் நீடிக்கக் காரணம், முழுப் போர்வை என்றால் மலைத்துப்போகிறவர்கூட ஒரு துண்டு என்றால் முடித்துவிடுவார் என்பதுதான். பழகியவர் நான்கு துண்டு கொண்டுவருவார், நேற்றுக் கற்றுக்கொண்டவர் பாதித் துண்டு கொண்டுவருவார், இரண்டும் அதே போர்வையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 20 செ.மீ. சதுரம் 30 இருந்தால், அகலத்தில் ஐந்தும் நீளத்தில் ஆறுமாக வைத்து 100க்கு 120 செ.மீ. அளவில் ஒரு போர்வை கிடைத்துவிடும், ஒரு குழந்தைக்கோ மடியில் போட்டுக்கொள்ளும் முதியவருக்கோ அது போதும்.

சதுரத்தை மூலையிலிருந்து தொடங்குவதுதான் சுலபம். கீழிருந்து மேலாகப் பின்னினால் எத்தனை கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) போடுவது என்று கணக்குப் பார்க்க வேண்டும், ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு என்பதால் ஆளுக்கோர் அளவு வரும். மூலையிலிருந்து என்றால் அந்தத் தொல்லையே இல்லை. மூன்று கண்ணி போடுங்கள். எல்லா வரிசையும் நிட் (நேர்ப் பின்னல்) மட்டும்தான், பர்ல் (மறுபக்கப் பின்னல்) கிடையாது. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணிக்குள் இரண்டு முறை பின்னி ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போங்கள், முக்கோணம் மாதிரி விரியும். முக்கோணத்தின் பக்கவாட்டு ஓரம் 20 செ.மீ. ஆனதும் திரும்ப வேண்டும்: இனி ஒவ்வொரு வரிசைத் தொடக்கத்திலும் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி ஒன்றைக் குறையுங்கள். மூன்று கண்ணிக்கு வந்ததும் முடித்துவிடலாம். இறுக்கிப் பின்னுகிறவரோ தளர்த்திப் பின்னுகிறவரோ, ஓரத்தை அளந்து திரும்பினால் எல்லோருக்கும் ஒரே சதுரம். கெட்டியான அட்டையில் 20 செ.மீ. சதுரங்களாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள், டேப் தேட வேண்டாம்.

கொஞ்சம் பழகியவர்கள் பிறந்த குழந்தைக்குக் குல்லா பின்னலாம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 35 செ.மீ. இருக்கும், பின்னல் இழுபடும் என்பதால் குல்லா 32 செ.மீ. இருந்தால் சரியாக உட்காரும். டிகே எனப்படும் நடுத்தர நூலில், 4 மி.மீ. ஊசியில், சாதாரணக் கைக்கு 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும். அந்தக் கணக்கில் 72 கண்ணி போட்டு, இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று 3 அல்லது 4 செ.மீ. பின்னுங்கள். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னி, மொத்த உயரம் 10 செ.மீ. ஆனதும் குறைக்கத் தொடங்குங்கள். ஏழு கண்ணி பின்னி அடுத்த இரண்டைச் சேர்த்துப் பின்னுவது, இதை வரிசை முழுக்கச் செய்தால் 64 ஆகும். அடுத்து ஒரு பர்ல் வரிசை, அதன் பின் ஆறு பின்னி இரண்டைச் சேர்ப்பது, இப்படியே ஒவ்வொன்றாக இறங்கி வந்தால் கடைசியில் எட்டுக் கண்ணிதான் ஊசியில் இருக்கும். நூலை வெட்டி, தையல் ஊசியில் கோர்த்து, அந்த எட்டுக்குள்ளும் ஓட்டி இழுத்து இறுக்கி, அதே நூலால் பக்கத் தையலைப் போட்டுவிடுங்கள். ஊசியில் ஏற்றுவதற்கு முன் 10 செ.மீ. மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி எண்ணிப் பார்த்துவிடுங்கள். 22க்குக் குறைவாக வந்தால் மெல்லிய ஊசி, கூடுதலாக வந்தால் தடித்த ஊசி.

குழந்தைப் பொருள்களில் கண்டிப்பாக இருங்கள். பொத்தான், ரிப்பன், நூல்குஞ்சம், கட்டும் கயிறு எதுவும் வேண்டாம், விரல் மாட்டிக்கொள்கிற பெரிய ஓட்டை வைத்த டிசைனும் வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வை இருக்கக் கூடாது, வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவையும் கழற்றிவிட வேண்டும். பொருளோடு வைக்கும் சீட்டில் இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கான அளவை மட்டும் மருத்துவமனையில் கேட்டே பின்னுங்கள், ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் தலை அளவு மாறும். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ஒரு முயற்சியில், இங்குபேட்டரில் இருக்கும் குழந்தை கையில் பற்றிக்கொள்ளக் குரோஷா எனும் கொக்கி ஊசிப் பின்னலில் எண்காலி (ஆக்டோபஸ்) பொம்மை பின்னிக் கொடுக்கிறார்கள். அதற்கு முழுப் பருத்தி நூல்தான், இழுத்துப் பிடித்தாலும் அதன் கால் 22 செ.மீ. தாண்டக் கூடாது, 60 டிகிரி வெந்நீரைத் தாங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். எல்லா மருத்துவமனைகளும் இதை ஏற்பதில்லை, அதனால் இதையும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கீமோதெரபி எடுக்கிறவர்களுக்கான குல்லாவில் மென்மைதான் எல்லாம். அந்தத் தலைத்தோலுக்கு நமக்கு உறுத்தாததுகூட உறுத்தும், எனவே கம்பளியும் மொஹேரும் (ஒரு வகை ஆட்டு ரோம நூல்) தவிர்த்து, பருத்தி, மூங்கில் இழை அல்லது நல்ல மென்மையான அக்ரிலிக் எடுங்கள். நூலைக் கையில் தொட்டுப் பார்ப்பது போதாது, கழுத்தோரம் தேய்த்துப் பாருங்கள், கழுத்து பொய் சொல்லாது. மறதி நோய் உள்ளவர்களுக்கு விரல் நுழைத்துத் துழாவ, இரு பக்கமும் திறந்த, கை நுழைக்கும் குழாய் மாதிரி ஒன்று பின்னி, உள்ளும் புறமும் பின்னல் பூ, வளையம், தடித்த பட்டி என்று தைத்துக் கொடுப்பார்கள். பதற்றத்தில் அலைபாயும் கைக்கு வேலை கிடைக்கும். ஒட்டியது எதுவும் இழுத்தால் பிய்ந்து வரக் கூடாது, வாயில் போட்டுக்கொள்ள வாய்ப்புண்டு.

நூல்

குழுவுக்கு நன்கொடையாக நூல் வரத் தொடங்கும், வந்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அதில் பாதிக்கு லேபிள் இருக்காது. எது என்று தெரிய ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றத்தோடு தானே அணைந்துவிடும், பருத்தி காகிதம் எரிகிற மாதிரி எரிந்து சாம்பலாகும், அக்ரிலிக் உருகி கெட்டியான உருண்டையாகும். உருகுகிறதா, அப்படியானால் அதில் பின்னியதை இஸ்திரி போடாதீர்கள், அடுப்படியில் வேலை செய்கிறவர் போடும் பொருளுக்கும் அது ஆகாது. மற்றபடி அக்ரிலிக் நல்ல நூல், துவைக்கச் சுலபம், பெரும்பாலோருக்கு அரிப்பு வராது. பெரும்பாலான குழுக்கள் அதில்தான் பின்னுகின்றன, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே போர்வைக்குள் கம்பளியையும் அக்ரிலிக்கையும் கலக்காதீர்கள், ஒன்று சுருங்கும் மற்றொன்று சுருங்காது, முதல் துவைப்பிலேயே போர்வை கோணிக்கொள்ளும். பூச்சி அரித்தது, சிகரெட் வாடை போகாதது, தொட்டாலே இற்றுப்போகிறது, இவற்றை நன்றி சொல்லி ஒதுக்கி வையுங்கள், ஊசி பழகுகிறவர்களுக்குக்கூட வேண்டாம். ஊசியும் கலந்துதான் வரும்: பழைய பிரிட்டிஷ் எண்ணில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க எண்ணில் எண் ஏற ஏறத் தடிக்கும். அதனால் குழுவுக்குள் மில்லிமீட்டர் கணக்கை மட்டுமே பேசுங்கள். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்குக் காலுறை பின்னியவர்களுக்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஒரே குறிப்பை அச்சடித்துக் கொடுத்ததும் அளவு மாறாமல் இருக்கத்தான். நீங்களும் ஒரு பொருளுக்கு ஒரே குறிப்பு என்று வைத்து, பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

உட்காரும் நேரம்

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள், எத்தனை பேர் வந்தாலும் சரி. இரண்டே பேர் வந்த நாளிலும் நடத்துங்கள். எப்போது போனாலும் அங்கே யாராவது இருப்பார்கள் என்ற நிச்சயம்தான் தனிமையில் இருக்கிற ஒருவரை வீட்டை விட்டுக் கிளம்ப வைக்கும். இரண்டு மணி நேரம் போதும். நாற்காலிக்கு முதுகுச் சாய்வு வேண்டும், ஆனால் உயரமான கை வேண்டாம், முழங்கை இடிக்கும். வெளிச்சம் தாராளமாக வேண்டும், கறுப்பு நூலில் பின்னுகிறவரைச் சன்னலோரம் உட்கார வையுங்கள்.

நேருக்கு நேர் உட்கார்ந்து பேசச் சொன்னால் வாய் திறக்காதவர்கள், ஊசியைப் பார்த்துக்கொண்டே எதையெதையோ சொல்வார்கள். கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை, இடையில் பேச்சு நின்றாலும் சங்கடமில்லை, கை ஓடிக்கொண்டிருக்கும். துணையை இழந்தவர், நோயிலிருந்து மீண்டுவருகிறவர், பிள்ளைகள் வெளியூர் போனபின் வீடு வெறிச்சோடிப்போனவர், இப்படி யாராவது நிச்சயம் வருவார்கள். அவரிடம் எதையும் தோண்டாதீர்கள். நூலைக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், மூன்றாவது வாரமோ பத்தாவது வாரமோ அவராகப் பேசும்போது பின்னலை நிறுத்தாமல் கேளுங்கள், நிறுத்தி நிமிர்ந்து பார்த்தால் அவர் கூசிப்போவார். புத்தி சொல்ல வேண்டாம். சொன்னது அந்த அறையைத் தாண்டக் கூடாது, இதை ஒவ்வொரு புதியவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சில நாள் யாரும் பேசாமலே இரண்டு மணி நேரம் போகும், அதுவும் குறையில்லை.

"எத்தனை முடித்தாய்?" என்ற கேள்வி குழுவுக்குள் வேண்டாம். யார் எத்தனை பின்னினார் என்று பட்டியல் ஒட்டுவது நல்ல எண்ணத்தில் செய்தாலும், மெதுவாகப் பின்னுகிறவரை அடுத்த வாரம் வராமல் செய்துவிடும். மொத்தக் கணக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் இல்லாமல். அதேபோல, ஒருவர் பின்னியதை அவரைக் கேட்காமல் அவிழ்க்காதீர்கள். கண்ணி நழுவியிருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே குரோஷா ஊசியில் தூக்கி மேலே கொண்டுவரக் காட்டிக் கொடுங்கள். சில கோணல்கள் யாரையும் உறுத்தப் போவதில்லை, அப்படியே விடலாம். ஓட்டை, பிரிந்துவரும் ஓரம், தலையில் நுழையாத இறுக்கம், இவற்றை மட்டும் சரிசெய்யாமல் அனுப்ப வேண்டாம்.

புதிதாகக் கற்பவருக்கு வெளிர் நிறத்தில் தடித்த நூலும், 5 மி.மீ. மர அல்லது மூங்கில் ஊசியும் கொடுங்கள், உலோக ஊசியில் கண்ணி வழுக்கி ஓடும். வலது கைக்காரருக்குக் கற்றுத்தரும்போது பக்கத்தில் உட்காருங்கள், இடது கைக்காரர் என்றால் எதிரே உட்காருங்கள், கண்ணாடியில் பார்ப்பது போல அவருக்குச் சரியாக இருக்கும். முதல் நாளில் கண்ணி போடுவதைக் கற்றுத்தர வேண்டாம், அதுதான் கடினம். நீங்களே கண்ணி போட்டு நாலு வரிசை பின்னிக் கொடுத்தால் அவர் நேராகப் பின்னத் தொடங்கிவிடுவார், வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு துண்டு இருக்கும்.

பின்ன முடியாதவருக்கும் இடம் வையுங்கள். சிட்டத்தைப் பிரித்து நூல்கண்டு சுற்றுவது, துண்டுகளைத் தரையில் பரப்பி நிறம் பொருத்துவது, தைப்பது, சீட்டு எழுதுவது எல்லாம் பாதி வேலை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு வட்ட ஊசி (வளையும் இழையால் இணைத்த இரு ஊசிமுனைகள்) நல்லது, எடை மடியில் விழும், மணிக்கட்டு சுமக்காது. அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் ஊசியை வைத்துவிட்டுக் கையை விரித்து மடக்கி, தோளைச் சுழற்றிவிட்டுத் தொடருங்கள், யாராவது ஒருவர் நேரம் பார்த்துச் சொன்னால் நடக்கும். விரல் மரத்துப்போவதும் வலி இரவில் தொடர்வதும் இருந்தால் சில நாள் பின்னலை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

முடித்துக் கொடுப்பது

நூலின் நுனியை 15 செ.மீ.யாவது விட்டு வெட்டுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கினால் தோலில் உறுத்தும், நாளடைவில் அவிழவும் செய்யும். தையல் ஊசியில் கோர்த்து ஒரு திசையில் கொஞ்சம், திரும்பி எதிர்த் திசையில் கொஞ்சம், இன்னொரு முறை குறுக்கே என்று ஓட்டி மறைத்தால் நிற்கும். எல்லாவற்றையும் வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, பிறகு பையில் போடுங்கள். செல்லப் பிராணி உள்ள வீட்டிலிருந்து வருவதை இரண்டு முறை உதறி ரோமம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சீட்டில் நூல் வகை, துவைக்கும் முறை, அளவு மூன்றும் இருந்தால் போதும், முகவரியும் போன் எண்ணும் வேண்டாம். ஓரிரு அன்பான வார்த்தை எழுதலாம், "சீக்கிரம் குணமாகிவிடுவீர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், வாங்குகிறவரின் நிலைமை நமக்குத் தெரியாது.

ஒப்படைக்கப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள், ஒவ்வொரு முறையும் வேறு இரண்டு பேர், குழுவில் எல்லோருக்கும் அந்த வாய்ப்பு வர வேண்டும். வாங்குகிறவர்களைப் போட்டோ எடுக்கக் கேட்காதீர்கள், அனுப்பச் சொல்லியும் கேட்காதீர்கள். கொடுக்கும் முன் மொத்தப் பொருள்களையும் மேசையில் பரப்பி ஒரு படம் எடுத்துக்கொண்டால் வர முடியாதவர்களுக்குக் காட்டலாம். அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் எது உடனே தீர்ந்தது, எது அலமாரியிலேயே கிடக்கிறது என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கிடக்கிறது என்று சொன்னதை அடுத்த வாரமே நிறுத்திவிட்டு, தீர்ந்துபோனதற்கு நூல் எடுத்து வையுங்கள்.